பட்டாளத்துக்காரர் கையில் மண்வெட்டி!

போர் முடிகிறது. துப்பாக்கி ஓய்கிறது. சிப்பாய் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்புகிறார். வீட்டில் ஆரத்தி எடுக்கிறார்கள். கறிக்குழம்பு மணக்கிறது. தெருவே கூடி நின்று பார்க்கிறது.

ஆனால், அன்று இரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை!

எங்கோ ஒரு பட்டாசு வெடித்தால் திடுக்கிட்டு எழுகிறார். பக்கத்தில் நின்று செத்த தோழனின் முகம் கண்முன் வருகிறது. மனைவியிடம் சொல்ல வாய் வரவில்லை. பிள்ளைகள் மீது எரிந்து விழுகிறார். நாள் ஆக ஆகப் பேச்சுக் குறைகிறது. சிலர் குடிக்கு அடிமை ஆகிவிடுகிறார்கள்.

திரும்பி வரும் எல்லா வீரர்களுக்கும் இப்படி நேர்வது இல்லை. ஆனால், நேர்ந்தவர்கள் படும் பாடு கொஞ்சம் அல்ல. அவர்களோடு சேர்ந்து குடும்பமும் துன்பப்படுகிறது.

உடம்பில் பட்ட காயத்துக்குக் கட்டுப் போடலாம். மனத்தில் பட்ட காயத்துக்கு என்ன செய்வது?

டாக்டர்கள் மாத்திரை தருகிறார்கள். மனத்தில் உள்ளதைப் பேசச் சொல்கிறார்கள். இரண்டும் தேவைதான். ஆனால், பேசச் சொன்னால் பட்டாளத்துக்காரர் பேசுவாரா? அங்கேதான் சிக்கல்!

இந்தச் சிக்கலுக்கு இங்கிலாந்தில் ஒரு புதுமையான வழி கண்டார்கள். வீரர்களின் கையில் மண்வெட்டியைக் கொடுத்தார்கள். "தோண்டுங்கள்" என்றார்கள்!

மண்ணுக்குள் மருந்து

2011-ஆம் ஆண்டு அது. ரிச்சர்டு ஆஸ்குட் என்பவர் பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகத்தில் வேலை பார்த்த புதைபொருள் ஆராய்ச்சியாளர். அவரும் டயர்மெய்ட் வால்ஷ் என்ற ராணுவ சார்ஜண்டும் சேர்ந்து ஒரு திட்டம் வகுத்தார்கள். ஆப்கானிஸ்தான் போரில் காயம்பட்டுத் திரும்பிய வீரர்களைப் புதைபொருள் ஆராய்ச்சியில் ஈடுபடுத்துவதே அந்தத் திட்டம்.

அதற்கு "நைட்டிங்கேல் நடவடிக்கை" என்று பெயர் வைத்தார்கள். காயம்பட்ட சிப்பாய்களுக்குத் தொண்டு செய்து புகழ் பெற்றவர் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். அவருடைய பெயர்தான் அது.

இங்கிலாந்தில் சாலிஸ்பரி சமவெளி என்று ஓர் இடம் உண்டு. ராணுவம் பயிற்சி செய்யும் இடம். அங்கே பழங்கால மேடுகள் நிறைய இருக்கின்றன. ஒரு மேட்டில் வளைக்கரடி என்ற பிராணிகள் வளை தோண்டின. உள்ளே இருந்த மனித எலும்புகள் வெளியே வந்து விழுந்தன! அப்படியே விட்டால் எல்லாம் பாழாகிவிடும். எனவே, அந்த மேட்டை வீரர்களே முறைப்படி தோண்டினார்கள்.

என்ன கிடைத்தது? 1400 ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்லறைகள்! சில கல்லறைகளில் ஈட்டியும் கேடயமும் இருந்தன. அவையும் போர் வீரர்களின் கல்லறைகள்தாம். இந்தக் காலத்துச் சிப்பாய், அந்தக் காலத்துச் சிப்பாயைக் கண்டுபிடித்தார்!

வாட்டர்லூவில்...

நெப்போலியன் தோற்ற இடம் வாட்டர்லூ. பெல்ஜியம் நாட்டில் இருக்கிறது. அந்தப் போர் 1815-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் தேதி நடந்தது.

200 ஆண்டுகள் கழித்து, 2015-இல், அங்கே ஒரு படை போய் இறங்கியது. சண்டை போட அல்ல, தோண்டுவதற்கு! மார்க் எவான்ஸ், சார்லி ஃபோயினெட் என்ற இரு ராணுவ அதிகாரிகள் அந்தத் திட்டத்தைத் தொடங்கினார்கள். இருவரும் கல்லூரியில் புதைபொருள் ஆராய்ச்சி படித்தவர்கள். அவர்களில் எவான்ஸ், ஆப்கானிஸ்தானிலிருந்து மனக்காயத்தோடு திரும்பியவர். தோண்டும் வேலை தமக்கு நன்மை செய்ததை உணர்ந்து, மற்றவர்களையும் அழைத்தார். கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர் டோனி பொல்லார்டு ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கினார்.

போர்க்களத்தை எப்படி ஆராய்வது? அங்கே கோட்டையும் இல்லை, மாளிகையும் இல்லை. வெறும் வயல்தான். வீரர்கள் உலோகம் கண்டுபிடிக்கும் கருவியுடன் வரிசையாக நடப்பார்கள். கருவி "கீங்" என்று சத்தமிடும். அந்த இடத்தைக் கவனமாகத் தோண்டுவார்கள். ஓர் ஈயக் குண்டு கிடைக்கும். அது நசுங்கி இருந்தால் எதன் மீதோ மோதியது. உருண்டையாகவே இருந்தால், சுடாமலே கை தவறிக் கீழே விழுந்ததாக இருக்கலாம். ஒவ்வொரு குண்டும் கிடைத்த இடத்தைப் படத்தில் புள்ளி வைப்பார்கள். புள்ளிகள் சேரச் சேர, யார் எங்கே நின்றார்கள், எங்கே ஓடினார்கள் என்ற விவரம் எல்லாம் தெரிந்துவிடும்!

அமெரிக்காவிலும் இப்படி நடந்தது. 1777-இல் போர் நடந்த சாரட்டோகா களத்தை, 2019-இல் முன்னாள் வீரர்களே ஆராய்ந்தார்கள்.

காரணம் என்ன?

இதனால் உண்மையிலேயே பலன் உண்டா? வின்செஸ்டர் பல்கலைக்கழகத்தார் இதை ஆராய்ந்து 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். பங்கு கொண்ட முன்னாள் வீரர்களிடம் கவலை குறைந்தது. சோர்வு குறைந்தது. தனிமை உணர்ச்சி குறைந்தது. "எனக்கும் மதிப்பு இருக்கிறது" என்ற எண்ணம் வளர்ந்தது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. காரணம் எளிது.

பட்டாளத்தில் விடியற்காலை எழுந்தால் வேலை உண்டு. பக்கத்தில் தோழர்கள் உண்டு. ஒரு குறிக்கோள் உண்டு. பட்டாளத்தை விட்டு வந்த மறுநாள் மூன்றும் போய்விடுகின்றன! தோண்டும் இடத்தில் மூன்றும் திரும்பக் கிடைக்கின்றன.

தரையைப் பார்த்தே ஆபத்தை அறியப் பழகியவர் வீரர். மண்ணின் நிறம் சற்றே மாறினாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. படம் பார்க்கத் தெரியும். அளக்கத் தெரியும். வெயிலில் நிற்கத் தெரியும். கண்ணி வெடி தேடுவதற்கும் உலோகக் கருவிதான். பழைய குண்டு தேடுவதற்கும் உலோகக் கருவிதான். அன்று உயிரைப் பறிக்கும் பொருளைத் தேடிய கை, இன்று செத்தவர்களின் கதையைத் தேடுகிறது. வித்தை அதேதான், நோக்கம்தான் வேறு!

எல்லாவற்றையும் விட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. எதிரே உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, "உன் துன்பத்தைச் சொல்" என்றால் வீரர் வாய் திறக்கமாட்டார். ஆனால், இருவர் ஒரே குழியில் குந்தி உட்கார்ந்து, கண்ணை மண்ணில் வைத்துச் சுரண்டிக்கொண்டு இருக்கும்போது, பேச்சுத் தானாக வரும். 200 ஆண்டுகளுக்கு முன் செத்த சிப்பாயைப் பற்றிப் பேச்சுத் தொடங்கும். போன வருஷம் செத்த தோழனைப் பற்றி அது முடியும்!

சொல்லச் சொன்னால் சொல்லாதவர், தோண்டச் சொன்னால் சொல்லிவிடுவார்!

தேவாரத்தில் வேண்டாமா?

சரி, இது வெள்ளைக்காரர் கதை. தேவாரத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிரம்பச் சம்பந்தம் உண்டு.

மேற்கு மலையின் அடிவாரத்தில் இருக்கும் ஊர் தேவாரம். முன்பு ஜமீன் ஊர். பக்கத்தில் நாய்க்குப் பேர் போன கோம்பை. தேவாரமும் கோம்பையும் கம்பமும் கூடலூரும் பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிய ஊர்கள். முப்பத்தைந்து, நாற்பது வயதிலேயே அவர்கள் ஓய்வு பெற்று வந்துவிடுகிறார்கள். திடம் குறையாத வயது! தோட்டம் துரவு உள்ளவர்கள் அதைப் பார்க்கிறார்கள். மற்றவர்கள் பாங்கி வாசலிலும் ஆலை வாசலிலும் காவல் நிற்கிறார்கள். வேலை கிடைக்காதவர்கள் பஸ் நிலையத்து டீக்கடையில் பொழுதைப் போக்குகிறார்கள்.

இனி இன்னும் இளையவர்கள் வருவார்கள். 2022-இல் மத்திய அரசு "அக்னிபத்" திட்டத்தை அறிவித்தது. நான்கு ஆண்டுச் சேவை. அதன் பிறகு நூற்றுக்கு 25 பேர் வரைதான் நிலையாக எடுத்துக்கொள்ளப்படுவார்கள் என்று அப்போது சொல்லப்பட்டது. மற்றவர்கள் இளம் வயதிலேயே வீடு திரும்பவேண்டும். அந்த வயதில் தோளில் பையுடன் பஸ்சை விட்டு இறங்கும் பையனுக்கு ஊர் என்ன வைத்திருக்கிறது?

மண்வெட்டியால் பேர் எடுத்த பட்டாளத்துக்காரரை இந்தப் பள்ளத்தாக்கு ஏற்கெனவே அறியும். கர்னல் பென்னி குயிக்! அவர் ராணுவ என்ஜினீயர். அவர் கட்டிய பெரியாறு அணை 1895-இல் முடிந்தது. அந்தத் தண்ணீரால்தான் கம்பம் பள்ளத்தாக்கில் நெல் விளைகிறது. ஆண்டுதோறும் ஜனவரி 15-ஆம் தேதி, அவர் பிறந்த நாளில், விவசாயிகள் பொங்கல் வைக்கிறார்கள். அவர் துப்பாக்கி பிடித்ததற்காக யாரும் பொங்கல் வைக்கவில்லை. மண்ணைக் கொத்தியதற்காக வைக்கிறார்கள்!

2000 ஆண்டுக் கல்

இந்தத் தேனிச் சீமையின் மண்ணுக்குள் வீரர்களின் கதையும் இருக்கிறது.

ஆண்டிபட்டி வட்டாரத்தில், வைகைக் கரையில், புலிமான்கோம்பை என்று ஓர் ஊர். 2006-ஆம் ஆண்டில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் குழுவினர் அங்கே மூன்று கற்களைக் கண்டுபிடித்தார்கள். மூன்றிலும் பழைய தமிழ் எழுத்துக்கள்! 2000 ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. இந்தியாவில் எழுத்துடன் கிடைத்த நடுகற்களில் மிகப் பழையவை என்று அறிஞர்கள் மதிக்கும் கற்கள் அவை.

ஒரு கல்லில் என்ன எழுதி இருக்கிறது? கூடல் ஊரில் ஆநிரை கவர்ந்த சண்டையில் செத்த ஒரு வீரனின் பெயரும், அவன் ஊர்ப் பெயரும்! ஆநிரை என்றால் மாட்டு மந்தை. அந்தக் காலத்தில் போர் என்றால் பெரும்பாலும் மாட்டுக்காகத்தான். மாடுதான் செல்வம். கல்லில் சொல்லப்பட்ட கூடல் ஊர், கம்பத்துக்குத் தெற்கே உள்ள இன்றையக் கூடலூராக இருக்கலாம் என்று எண்ணவும் இடம் இருக்கிறது.

அவன் ராஜா அல்ல, மந்திரி அல்ல. சாதாரண வீரன். அவன் பெயரை ஊர் மறக்க மறுத்தது. அதனால்தான் கல்லில் வெட்டி வைத்தது.

நடுகல் நடுவதற்கு முறை உண்டு. தொல்காப்பியமே அந்த முறையைச் சொல்கிறது. நல்ல கல்லைத் தேடிப் போகவேண்டும். கொண்டு வரவேண்டும். நீரில் இட்டுத் தூய்மை செய்யவேண்டும். நடவேண்டும். படையல் போடவேண்டும். வாழ்த்தவேண்டும்.

கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்! இது தனி ஆள் செய்யும் வேலையா? இல்லை. அவனோடு சண்டைக்குப் போய், உயிர் பிழைத்து வந்தவர்களும் கூடி இருப்பார்கள் அல்லவா? ஒருவர் கல்லைப் புரட்டி இருப்பார். ஒருவர் குழி தோண்டி இருப்பார். துக்கத்தை நெஞ்சுக்குள் பூட்டாமல் கைக்கு வேலையாக மாற்றும் வழி அது. இங்கிலாந்தில் 2011-இல் கண்ட மருந்து, தமிழ் மண்ணுக்கு முழுவதும் புதியது அல்ல!

என்ன செய்யலாம்?

தேனி மாவட்டத்திலேயே இதைத் தொடங்கலாம். பெரிய கட்டடம் தேவை இல்லை.

முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மாவட்டத்தில் இருக்கிறது. தமிழ்நாடு அரசுக்குத் தொல்லியல் துறை இருக்கிறது. வரலாறு சொல்லிக்கொடுக்கும் கல்லூரிகள் இருக்கின்றன. அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் இருக்கிறார்கள். நான்கு பேரும் ஒரு மேஜையில் உட்கார்ந்தால் போதும்.

முதல் வேலை, நடுகல் கணக்கு. தேவாரம் முதல் கூடலூர் வரை ஊர் ஊராகப் போகவேண்டும். எந்தக் கல் எங்கே நிற்கிறது, உயரம் என்ன, அகலம் என்ன, எழுத்து உண்டா என்று குறிக்கவேண்டும். படம் எடுக்கவேண்டும். இப்படிப்பட்ட கற்கள் பல ஊர்களில் துணி துவைக்கும் கல்லாகக் கிடக்கின்றன. சாலை போடும்போது மண்ணுக்குள் போய்விடுகின்றன. போன பிறகு திரும்பி வராது!

இரண்டாவது வேலை, தொல்லியல் துறை தோண்டும் இடங்களில் முன்னாள் வீரர்களுக்கு இடம் தருவது. கீழடியைப் பார்க்க மக்கள் திரண்டதை நாடு அறியும். அடுத்த குழியில் ஒரு முன்னாள் ஹவில்தார் இருக்கட்டுமே!

மூன்றாவது வேலை, உண்மையான போர்க்களங்களை ஆராய்வது. தெற்கே பாஞ்சாலங்குறிச்சி இருக்கிறது. கட்டபொம்மனின் கோட்டை. 1799-இல் வெள்ளைக்காரப் படை அதைத் தாக்கியது. ஊமைத்துரை மீண்டும் எழுப்பிய கோட்டையை 1801-இல் பிடித்து, தரைமட்டம் ஆக்கியது. இரு தரப்பு வீரர்களும் அந்த மண்ணில் விழுந்தார்கள். 1968-69-இல் தொல்லியல் துறை அங்கே தோண்டி ஆராய்ந்தது. கோட்டையைச் சுற்றிய வெளியில் குண்டு கிடந்த இடம் எல்லாம் புள்ளி வைத்துப் பார்த்தால், அந்தச் சண்டை நடந்த விதமே கண்முன் வரும். அதற்கு மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் கண்ணி வெடி தேடிப் பழகியவர்களை விடத் தகுந்தவர் யார்?

சிலர் கேட்பார்கள்

"நாட்டைக் காத்தவரைக் குழி வெட்டும் கூலி ஆக்குவதா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கூலி ஆக்கக்கூடாது. முறைப்படி பயிற்சி தரவேண்டும். அளப்பதும் வரைவதும் எழுதுவதும் அவர்கள் கையில் இருக்கவேண்டும். நியாயமான சம்பளம் தரவேண்டும். ஆராய்ச்சி அறிக்கையில் அவர்கள் பெயர் அச்சாக வேண்டும்.

"எலும்பைக் கண்டால் பழைய நினைவு கிளறாதா?" என்றும் கேட்கலாம். கிளறலாம். வாட்டர்லூவில், போரின்போது ஆஸ்பத்திரியாக இருந்த ஒரு பண்ணையில், 2019-இல் டாக்டர்கள் வெட்டி எடுத்த கால் எலும்புகளே கிடைத்தன! ஆகையால்தான் மனநல டாக்டரின் துணை வேண்டும். யாரையும் வற்புறுத்தக்கூடாது. எலும்பைத் தொட மனம் இல்லாதவர் ஓடு கழுவலாம். சல்லடை பிடிக்கலாம். படம் வரையலாம். வேண்டாம் என்றால் ஒதுங்கிக்கொள்ளலாம்.

"மருந்துக்குப் பதில் மண்வெட்டியா?" இல்லவே இல்லை. நோய்க்கு டாக்டர்தான். "டெலி மானஸ்" என்ற இலவசத் தொலைபேசி மனநல உதவி 2022-இல் தொடங்கப்பட்டது. அதன் எண் 14416. தூக்கம் இல்லாமல் தவிப்பவர் தயங்காமல் பேசவேண்டும். மண்வெட்டி டாக்டருக்குத் துணை, போட்டி அல்ல.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. இதைப் படித்துவிட்டு யாரும் தாமாகக் கடப்பாரை எடுத்துக்கொண்டு கிளம்பக்கூடாது! அது சட்ட விரோதம். புதையல் பற்றி 1878-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. கண்டபடி தோண்டினால் பொருள் மட்டுமா போகும்? அதன் கதையும் போய்விடும். பழைய கல்லோ, காசோ, பானையோ கண்ணில் பட்டால் கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொல்லவேண்டும். அதுவே பெரிய தொண்டு.

வீட்டில் உள்ளவர்களுக்கு

அரசாங்கம் செய்யும் வரை காத்திருக்க வேண்டியது இல்லை. குடும்பமும் ஊரும் செய்யக்கூடியது உண்டு.

திரும்பி வந்தவரைப் பார்த்து, "எத்தனை பேரைச் சுட்டாய்?" என்று கேட்காதீர்கள். குழந்தைகள் கேட்டாலும் மெல்லப் பேச்சை மாற்றுங்கள். "ஏன் உம் என்று இருக்கிறீர்கள்?" என்று நச்சரிக்காதீர்கள். அவரோடு சேர்ந்து ஒரு வேலை செய்யுங்கள். வரப்பு வெட்டுங்கள். தென்னைக்குப் பாத்தி கட்டுங்கள். ஊர்க்கோடியில் சாய்ந்து கிடக்கும் பழைய கல்லைப் பார்க்க மகனையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். அவர் பேசும்போது குறுக்கே பேசாமல் கேளுங்கள். அவர் பேசாவிட்டாலும் பக்கத்தில் இருங்கள்.

ஆண்டுதோறும் டிசம்பர் 7-ஆம் தேதி கொடி நாள் வருகிறது. சட்டையில் கொடி குத்திக்கொள்கிறோம். உண்டியலில் காசு போடுகிறோம். நல்ல காரியம்தான். ஆனால், காசு போட்டதோடு கடமை தீர்ந்துவிடாது. வீரர் கேட்பது இரக்கம் அல்ல; வேலை. மாலை அல்ல, தோழமை.

செத்த வீரனுக்குக் கல் நட்ட சீமை இது. உயிரோடு திரும்பி வந்த வீரனுக்கும் ஏதேனும் செய்யவேண்டும். அந்தக் கல்லைத் தேடிக் காக்கும் பொறுப்பை அவரிடமே கொடுத்துப் பாருங்கள். கல்லும் பிழைக்கும், ஆளும் பிழைப்பார்!